பழைய காரின் மீட்டர் போர்டு மக்கர் செய்கிறதா? எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

இது 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த சிறிய கார்களுக்காக எழுதியது. மாருதி 800, ஜென், ஆம்னி, இண்டிகா, சான்ட்ரோ மாதிரியான வண்டிகள். இவற்றுக்கும் முந்திய கார்களில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன். எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகப் பேசிக்கொள்ளும் புதிய கார்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி எடுத்து வருகிறார்கள். மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலானவை ஒழுங்காக வேலை செய்கின்றன. கோளாறு வண்டியிலேயே தங்கிவிட்டது: துருப்பிடித்த எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), தளர்ந்த கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்), டேங்குக்குள் தேய்ந்துபோன ஃப்ளோட் (பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை). ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் வெளியே பார்த்து முடித்த பிறகுதான் மீட்டரைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு உடைவதுதான் அதிகம். முள் வளையும், கிளிப் உடையும், கண்ணாடி கீறும்.

தேவைப்படுபவை: ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு துண்டு வயர், நல்ல டார்ச். கப்ளர் எதையும் பிடுங்கும் முன் சாவியை ஆஃப் செய்யுங்கள். மீட்டரை வெளியே எடுப்பதானால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றிய பிறகு சில நிமிடங்கள் காத்திருந்து அப்புறம் டேஷ்போர்டில் கை வையுங்கள்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்: எர்த் சோதனை

கீழே பல இடங்களில் "எர்த் பாருங்கள்" என்று வரும். அதை எப்படிப் பார்ப்பது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரின் பஸ்ஸர் சத்தம் வைத்துப் பார்ப்பது போதாது. நூல் மாதிரி ஓரிரு இழை மட்டும் ஒட்டியிருக்கும் வயர்கூட பஸ்ஸரில் 'பீப்' என்று சொல்லும். கரண்ட் ஓடும்போதுதான் அதன் பலவீனம் தெரியும்.

சாவியை ஆன் செய்து ஹெட்லைட், ப்ளோவர் இரண்டையும் போடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், அதாவது கிளாம்பில் இல்லாமல் ஈயக் கம்பத்திலேயே இருக்க வேண்டும். சிவப்பு முனையை மீட்டர் கப்ளரின் எர்த் வயரில் பின்பக்கமாகச் செருகுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அரை வோல்ட் காட்டினால் வேறெதையும் சோதிக்க வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எர்த் வயர் பாடியில் முடுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் பகுதியின் பக்கச் சுவரில் இருக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கும் தகடு தெரியும்வரை தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். பிற்பாடு ஸ்டீரியோ, அலாரம், ரிவர்ஸ் ஹாரன் என்று எது மாட்டியிருந்தாலும் அதன் எர்த்தும் இதே போல்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்து வேறு இடத்தில் முடுக்குங்கள்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே ஒரு தடித்த எர்த் பட்டை உண்டு. அதையும் மறக்காமல் பாருங்கள். எஞ்சினில் இருக்கும் டெம்பரேச்சர் சென்சார், ஆயில் சுவிட்ச் இரண்டும் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகின்றன. அந்தப் பட்டை அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சுடுவது அதனால்தான்.

## சாவி போட்டும் எதுவும் எரியவில்லை, எந்த முள்ளும் அசையவில்லை

ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது ஃபியூஸின் இரண்டு காதுகளிலும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் கரண்டே அங்கு வரவில்லை. புது ஃபியூஸும் உடனே போனால் பெரிய ஆம்பியர் போட்டுச் சமாளிக்கக் கூடாது. எங்கோ வயர் தகட்டில் உரசுகிறது. நிறுத்தி வைத்த வண்டி என்றால் முதல் சந்தேகம் எலி மேல்தான்.

இக்னிஷன் சுவிட்ச். ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை, கூடவே வைப்பரும் ப்ளோவரும் வேலை செய்யவில்லை என்றால் மீட்டரை மறந்துவிடுங்கள். சாவியை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு நொடி எரிந்து அணைந்தால் சுவிட்சின் உள் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. பூட்டை மாற்றாமல் பின்னால் உள்ள மின் பகுதியை மட்டும் மாற்ற முடிகிற வண்டிகள் உண்டு. கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

கப்ளர். ஃபியூஸ் நன்றாக இருந்தால் மீட்டருக்குப் பின்னால் கப்ளரைப் பிடுங்கி, இக்னிஷன் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வையுங்கள். மல்டிமீட்டர் வேண்டாம், லாம்ப்தான் வேண்டும். சுமை இல்லாமல் 12 வோல்ட் காட்டிவிட்டு சுமை ஏறியதும் விழுந்துவிடும் வயர்கள் நிறைய. லாம்ப் பிரகாசமாக எரிந்தால் வண்டியின் பக்கம் முடிந்தது. இனி பிரச்சினை மீட்டருக்குள். மங்கலாக எரிந்தால் எர்த் சோதனைக்குத் திரும்புங்கள்.

மீட்டருக்குள். பேட்டரியைத் தலைகீழாக இணைத்த, அல்லது ஜம்ப் ஸ்டார்ட்டில் பிளஸ் மைனஸ் மாறிய வண்டி என்றால் நுழைவாயிலில் உள்ள பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் போர்டில் உள்ள செம்புத் தடம் எரிந்திருக்கும். எரிந்த தடத்துக்கு மேல் வயர் போட்டு இணைக்கலாம். ஆனால் டயோடை மாற்றாமல் வயரை மட்டும் போட்டால் அதுவும் எரியும். எலக்ட்ரானிக் மீட்டர் என்றால் அடுத்து 5 வோல்ட் ரெகுலேட்டர். உள்ளே 12 வந்து வெளியே 5 வராவிட்டால் ரெகுலேட்டரோ, அதற்குப் பின்னால் ஷார்ட் ஆன ஏதோ ஒன்றோ காரணம். போர்டு வேலை பழக்கமில்லாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

## ஓடும்போது விட்டுவிட்டு அணைகிறது, டேஷ்போர்டைத் தட்டினால் வருகிறது

எனக்கு மிக அதிகமாக வருவது இதுதான். சரியாகச் செய்தால் செலவே இல்லாமல் முடிவதும் இதுதான்.

முதலில் எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். மேடு பள்ளத்தில் மட்டுமா? மத்தியான வெயிலில் நிறுத்தி எடுத்தபோதா? காலையில் வராமல் கால் மணி நேரம் ஓடியதும் வருகிறதா? மேடு பள்ளம் என்றால் கப்ளர் அல்லது எர்த். சூட்டோடு மாறுகிறது என்றால் போர்டில் ஈயப் பற்று (சால்டர்) விட்டுப்போயிருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் மட்டும் தடுமாறி அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் காய்ந்துபோன கப்பாசிட்டர்.

மீட்டரை எடுக்காமலேயே செய்ய வேண்டியது: கப்ளரை எட்டிப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். அப்போது விளக்குகள் கண் சிமிட்டினால் இடம் தெரிந்துவிட்டது. கப்ளரின் பெண் பக்க டெர்மினல்கள் விரிந்திருக்கும். மெல்லிய ஊசியால் உள்ளே உள்ள நாக்கைக் கொஞ்சம் நெருக்கி, காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிகளில் டெர்மினலில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கி எழுந்த கார்களிலும் அதே கதைதான். மேலே துடைத்தால் போகும், ஆனால் வயரின் உறைக்குள்ளேயே களிம்பு ஏறியிருந்தால் அந்த நீளத்தை வெட்டி புது வயர்தான் போட வேண்டும்.

கப்ளர் சரி, ஆனாலும் தட்டினால் வருகிறது என்றால் மீட்டரை எடுக்கலாம். ஸ்பீடோ கேபிள் உள்ள வண்டியில் கேபிளின் பின் கிளிப்பை அழுத்தி விடுவித்த பிறகே மீட்டரை முன்னால் இழுக்க வேண்டும். மேசையில் துணி விரித்து வையுங்கள். முகம் குப்புற வைக்க வேண்டாம்.

பின்பக்கம் இரண்டு விதமாக இருக்கும்.

*பச்சை அல்லது பழுப்பு நிற போர்டு:* கப்ளர் ஊசிகள் போர்டில் இறங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஊசியைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே ஈயம் வெடித்திருக்கிறது. கப்ளரைச் செருகிப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் விசை அங்கேதான் விழுகிறது. மேலே புது ஈயத்தைப் பூசி மூடினால் சில மாதத்தில் மறுபடி விடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவும் பசை) தடவி, 60/40 ஈயத்தால் (வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு) புதிதாகப் பற்றவையுங்கள். சூடு கட்டுப்படுத்தும் பற்றவைப்பு இரும்பு (சால்டரிங் அயர்ன்) என்றால் 350 டிகிரி செல்சியஸ் போதும். ஒரு ஊசியில் மூன்று நொடிக்கு மேல் இரும்பு நிற்கக் கூடாது, தடம் உரிந்து வந்துவிடும். ஒரு ஊசியில்தான் விரிசல் தெரிந்தாலும் அந்த வரிசை முழுவதையும் செய்துவிடுங்கள். முடிந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்துக் கழுவுங்கள்.

*பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடம்:* 90களின் பல மீட்டர்களில் இதுதான் இருக்கும். இதில் இரும்பு வைக்காதீர்கள், தாள் சுருங்கிவிடும். பென்சில் ரப்பரால் செம்பு பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். பல்பு ஹோல்டர் உட்காரும் இடங்களையும், முள் மீட்டர்களைப் பிடிக்கும் சிறு நட்டுகளின் அடியையும் தேயுங்கள். அந்த நட்டு தளர்ந்தால் ஒரு முள் மட்டும் விட்டுவிட்டு சாகும். அரைச் சுற்று இறுக்கினாலே சரியாகிவிடும், அதற்கு மேல் இறுக்கினால் திருகு சுற்றிக்கொண்டு போய்விடும். அறுந்த தடத்துக்கு மெல்லிய வயரை இரு முனையிலும் நட்டு அடியில் வைத்துப் பாலம் போடலாம்.

*கப்பாசிட்டர்:* மேல் மூடி புடைத்தது, அடியில் பழுப்புக் கசிவு, மீன் நாற்றம். இந்த மூன்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதலான வோல்ட், 105 டிகிரி வகை வாங்குங்கள். 85 டிகிரி வகை நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டுக்குள் நீண்ட நாள் தாங்காது. எடுக்கும் முன் நெகட்டிவ் கோடு எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

## பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டும் சேர்ந்தே தப்பாகக் காட்டுகின்றன

இரண்டு சென்சாரும் ஒரே நாளில் கெடுவது அரிது. இரண்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள்.

ஹெட்லைட் போட்டதும், இண்டிகேட்டர் அடிக்கும்போதும் முள் அசைந்தால் எர்த். அசைவு எதுவும் இல்லாமல் இரண்டும் எப்போதும் மேலேயே நின்றாலும், அல்லது இரண்டும் செத்திருந்தாலும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களிலும் அவற்றின் வழியில் வந்தவற்றிலும் மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு தகர டப்பா இருக்கும். அது 12 வோல்ட்டை விட்டு விட்டுத் தந்து சராசரியாக 10 வோல்ட் ஆக்கும். உள் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இரண்டு முள்ளும் ஏறி நிற்கும். திறந்தே நின்றால் இரண்டும் எழாது. டெஸ்ட் லாம்ப் வைத்தால் நன்றாக இருக்கும் ஸ்டெபிலைசரில் விளக்கு சிமிட்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த டப்பாவும் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகிறது. பிடித்திருக்கும் திருகு துருப்பிடித்தால் 10 வோல்ட்டுக்குப் பதில் முழு வோல்டேஜ் போய்விடும்.

## பெட்ரோல் முள் மட்டும்

டேங்க் யூனிட்டின் (டேங்குக்குள் ஃப்ளோட்டைத் தாங்கும் சென்சார்) கப்ளரைக் கண்டுபிடியுங்கள். சில வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் தெரியும், சிலவற்றில் அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். டேங்க் மூடியிருக்கும்போது மட்டுமே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் செய்யவே வேண்டாம்.

சாவி ஆஃப். கப்ளரைப் பிடுங்குங்கள். சாவி ஆன் செய்து முள்ளைப் பாருங்கள். மறுபடி ஆஃப். இப்போது மீட்டருக்குப் போகும் வயரைத் துண்டு வயரால் பாடியில் இணையுங்கள். சாவி ஆன். முள் எதிர்ப் பக்கத்துக்குப் போக வேண்டும். மாருதி வண்டிகளில் கப்ளரைப் பிடுங்கினால் காலி, எர்த் செய்தால் ஃபுல். சில கார்களில் இது தலைகீழ். எப்படி இருந்தாலும் இரண்டு முனைக்கும் முள் போய்வந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்கில். முள் ஃபுல்லைத் தொட்டதும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள், நீண்ட நேரம் அப்படியே விடாதீர்கள். எலக்ட்ரானிக் மீட்டர்களில் சில, வயர் அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் கோளாறு என்று எடுத்துக்கொண்டு முள்ளைக் காலியிலேயே வைத்துவிடும். அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது. நூறு ஓம் வரை மாற்றக்கூடிய ரெசிஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போதும் காலி. எளிதிலிருந்து வரிசையாக: டேங்க் கப்ளரில் துரு, டேங்க் யூனிட்டின் எர்த், ஓட்டை விழுந்து பெட்ரோல் நிறைந்து மூழ்கிய ஃப்ளோட், அறுந்த ரெசிஸ்டன்ஸ் கம்பி. ஃப்ளோட்டை வெளியே எடுத்தால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே திரவம் ஆடினால் தெரியும்.

எப்போதும் ஃபுல். மாருதி வகையில் வயர் எங்கோ தகட்டில் உரசி எர்த் ஆகிறது. டேங்க் கப்ளரைப் பிடுங்கியும் முள் ஃபுல்லிலேயே நின்றால் வயர், இறங்கினால் யூனிட்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதிக்கிறது. கால் டேங்குக்குக் கீழே ஆடுகிறது, அதற்கு மேல் சரியாக இருக்கிறது என்பார்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டே ஓட்டுவதால் ஃப்ளோட் அந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடி ரெசிஸ்டன்ஸ் தடத்தைத் தேய்த்துவிடுகிறது. யூனிட்டை வெளியே எடுத்தவர்கள் ஓம் அளவில் வைத்து ஃப்ளோட் கையை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். மாருதி போன்ற சுசுகி வழி வண்டிகளில் ஃபுல்லில் சில ஓம், காலியில் நூறு ஓமுக்கு மேல் வரும். நடுவில் எண் துள்ளினால் தடம் தேய்ந்திருக்கிறது. தொடுநாக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வளைத்துத் தேயாத தடத்தில் ஓடவிடலாம். ஆனால் புது யூனிட் கிடைக்கிறது என்றால் அதை மாட்டுவதுதான் என் விருப்பம், டேங்கை இரண்டு முறை திறப்பது நல்ல வேலை இல்லை.

டேங்கைத் திறப்பது கராஜ் வேலை. வீட்டுப் போர்டிகோவில், பக்கத்தில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் வேலை இல்லை. பேட்டரி கழற்றி, காற்றோட்டமான இடத்தில், கால் டேங்குக்கும் குறைவாக வைத்து, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கும்படி செய்பவரிடம் விடுங்கள்.

## டெம்பரேச்சர் முள்

மேலே ஏறுகிறது. மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர், ஃபேன், ஹோஸ் மூன்றும் சரி என்று உறுதியான பிறகே சென்சாரைச் சந்தேகப்படலாம். சென்சார் வயரைப் பிடுங்கினால் முள் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வயர் எர்த் ஆகிறது.

ஏறவே மாட்டேன் என்கிறது. முதலில் மெக்கானிக்கைக் கேளுங்கள், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டாரா என்று. நம் ஊர்ச் சூட்டுக்கு வேண்டாம் என்று கழற்றி எறிந்த வண்டிகள் நிறைய. அந்த வண்டியில் முள் கீழேயே நிற்பது உண்மையான அளவுதான், மீட்டரில் தவறில்லை. வால்வைத் திரும்பப் போடுங்கள், மைலேஜும் கூடும்.

வால்வு இருக்கிறது என்றால் சென்சார் வயரைக் கழற்றி ஒரு கணம் எஞ்சினில் தொடுங்கள். முள் எழுந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது, சென்சாரை மாற்றுங்கள். ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் ஆகிறது. கசிவுக்குப் பயந்து மரை முழுக்க வெள்ளை டேப் சுற்றி மாட்டினால் புது சென்சாரும் வேலை செய்யாது. எஞ்சினில் இரண்டு சென்சார் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஒற்றை வயர் முள்ளுக்கு, இரட்டை வயர் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு. இரட்டை வயரை எர்த் செய்து சோதிக்கக் கூடாது.

இன்னொன்று: தண்ணீர் மிகக் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் நிற்கும். எஞ்சின் கொதிக்கும்போதும் முள் கீழே காட்டும். முள் எழவில்லை என்றாலும் தண்ணீரைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

## ஸ்பீடோமீட்டர்

கேபிள் வகை. மாருதி 800 போன்றவை. முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டும் செத்திருந்தால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம் தேய்ந்திருக்கும். மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, சமதளத்தில் வண்டியை இன்னொருவர் தள்ள, உள் கம்பி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மீட்டர், சுற்றாவிட்டால் கீழே.

முள் துள்ளுகிறது, கூடவே கிரீச் சத்தம் என்றால் கேபிள் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது. உள் கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மீட்டருக்கு அருகே உள்ள கடைசி நான்கு விரல் நீளத்துக்குத் தடவ வேண்டாம். சுற்றும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்விடும். அப்புறம் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கிலோமீட்டர் ஓடுகிறது, முள் எழவில்லை என்றால் மீட்டருக்குள் காந்தக் கிண்ணமோ சுருள் கம்பியோ போயிருக்கிறது. முள் சரி, கிலோமீட்டர் நின்றுவிட்டது என்றால் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. இரண்டும் மீட்டர் ரிப்பேர் கடை வேலை. ஓடும்போது ட்ரிப் மீட்டரை ரீசெட் செய்யாதீர்கள், அந்தப் பல்சக்கரம் உடைய அது ஒரு முக்கியக் காரணம்.

சென்சார் வகை. கியர்பாக்ஸில் மூன்று வயர் சென்சார் இருக்கும்: சப்ளை, எர்த், சிக்னல். ஒரு முன் சக்கரத்தை (ஆம்னியில் பின் சக்கரத்தை) ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி, சாவி ஆனில், சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். மாறாமல் நின்றால் முதலில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா பாருங்கள், வந்தால் சென்சார். செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி0500 (வேக சென்சார் கோளாறு எண்) வந்தாலும் இதே இடம்தான். கீழே சிக்னல் துடிக்கிறது, மீட்டர் கப்ளரில் துடிக்கவில்லை என்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது.

வேகம் எப்போதும் ஒரே விகிதத்தில் தப்பு. டயர் அளவு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். போன் ஜி.பி.எஸ். காட்டுவதைவிட மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைக்கிறார்கள்.

## முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை, தானாக எங்கெங்கோ போகிறது

எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் அதைப் படிப்படியாக நகர்த்தும் ஒரு சிறிய ஸ்டெப்பர் மோட்டார். அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் இந்த மோட்டார்கள் கெட்டது ஊரறிந்த விஷயம். நான்கு கால், இரண்டு சுருள். இரண்டு சுருளின் ஓம் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் எக்ஸ்27.168 வகையில் அது 280 ஓம் பக்கத்தில் இருக்கும். ஒரு சுருள் திறந்திருந்தால் மோட்டாரை மாற்றுங்கள். முள்ளைப் பிடுங்கும் முன் அது நிற்கும் இடத்தை டயலில் சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு டீஸ்பூனை எதிரெதிரே வைத்து நேராக மேலே தூக்கினால் முள் வளையாமல் வரும்.

## டிஸ்ப்ளேயில் பாதி எண்கள் இல்லை

கண்ணாடியின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தும்போது எண்கள் திரும்பி வந்தால் டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் போர்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையில் அழுக்கு, அல்லது பிடிக்கும் திருகு தளர்வு. ஆல்கஹாலில் துடைத்துச் சமமாக இறுக்குங்கள். ரப்பருக்குப் பதில் ரிப்பன் ஒட்டியிருந்தால் அது தனிக் கருவி வைத்துச் செய்யும் வேலை, கடைக்கு அனுப்புங்கள். நடுவில் கறுப்பு மை பரவிய மாதிரி இருந்தால் டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆக வேண்டும்.

## இரவில் மீட்டர் வெளிச்சம் இல்லை

பின் விளக்கும் எரியவில்லை என்றால் டெயில் லாம்ப் ஃபியூஸ், இரண்டும் பெரும்பாலும் ஒரே வழிதான். பின் விளக்கு எரிகிறது என்றால் டிம்மரை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் பல்பு. ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பினால் வந்துவிடும். அதே வாட் பல்பு போடுங்கள், கூடுதல் வாட் போட்டால் பிளாஸ்டிக் உருகி டயலில் பழுப்பு விழும். எல்.இ.டி. எரியவில்லை என்றால் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

## சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும்

சாவி ஆன் செய்ததும் சார்ஜ் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் எழுந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) வேலையைத் தொடங்கத் தேவைப்படும் சிறு கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே ஏறாமல் போகலாம். பேட்டரியை மாற்று, ஆல்டர்னேட்டரை மாற்று என்று செலவு செய்தவர்களின் வண்டியில் கடைசியில் இந்த ஒரு பல்புதான் போயிருக்கும். அழகுக்காக அந்த இடத்தில் எல்.இ.டி. போட்டாலும் இதேதான் நடக்கும், அதன் வழியே போதிய கரண்ட் போகாது. சாதாரண பல்பையே போடுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

ஓடும்போது மங்கலாக எரிகிறது என்றால் பெல்ட், பிறகு ஆல்டர்னேட்டரின் டயோடு. மீட்டரைத் திறக்க வேண்டியதில்லை.

ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் உடனே எஞ்சினை அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் மெக்கானிக் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிரஷர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, சுவிட்சின் வயரைப் பிடுங்குங்கள். விளக்கு அணைந்தால் சுவிட்ச் கெட்டது. அணையாவிட்டால் வயர் எங்கோ எர்த் ஆகிறது.

## எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

ஏர்பேக் விளக்கு, ஏ.பி.எஸ். விளக்கு இரண்டையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்காதீர்கள், ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள். ஏர்பேக் வயரில் தவறான இடத்தில் முனை வைத்தால் பை வெடித்துத் திறந்துவிடலாம். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை எழவிடாத திருட்டுத் தடுப்பு) தகவல் மீட்டருக்குள் இருக்கும் வண்டி என்றால் வேறு மீட்டரை மாட்டியதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஃபியூஸ் பெட்டியிலோ கப்ளரிலோ பிளாஸ்டிக் உருகியிருந்தால் முதலில் வயரிங் ஆள், அப்புறம்தான் மீட்டர் ஆள். 5 வோல்ட் வருகிறது, கப்பாசிட்டர் மாற்றியாயிற்று, ஈயம் வைத்தாயிற்று, இன்னும் உயிர் வரவில்லை என்றால் சிப் போயிருக்கிறது. அதற்கு மேல் செலவு செய்வதைவிட சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் அதே மாடல், அதே வருட மீட்டரைத் தேடுவது நல்லது. வாங்கும் முன் பின்பக்கக் கப்ளர் எண்ணிக்கையையும் ஊசிகளின் வரிசையையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும், ஊசி வரிசை மாறியிருக்கும்.

மீட்டர் மாற்றினால் பழைய கிலோமீட்டர், புதியதில் காட்டும் கிலோமீட்டர், மாற்றிய தேதி மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது அதைக் காட்டுங்கள். கிலோமீட்டரைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் உங்கள் மீட்டரைக் கொடுக்காதீர்கள். அது வாங்குபவரை ஏமாற்றுவது. டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாமல் போகும்.

கடைக்கு அனுப்பும்போது "மீட்டர் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எப்போது அணைகிறது, எர்த் சோதனையில் எத்தனை வோல்ட் வந்தது, கப்ளரில் டெஸ்ட் லாம்ப் எப்படி எரிந்தது, சென்சார் வயரை எர்த் செய்தபோது முள் எங்கே போனது. மீட்டரோடு கப்ளரின் போட்டோவும் இருக்கட்டும். ஊசிகளைத் தேடும் நேரம் அவருக்கு மிச்சம்.